ஹுலூல் கிணற்றுப் பாட்டு

பெய்லேவுக்குச் சொந்தமாக ஒரு ஒட்டகம்கூடக் கிடையாது. தகப்பன் விட்டுப்போனதெல்லாம் ஒரே வறட்சியில் செத்தொழிந்தன. ஒட்டகம் இல்லாத ஆண்பிள்ளையை எங்கள் ஆட்கள் மனுஷக் கணக்கில் சேர்ப்பதில்லை. சபையில் அவனுக்குக் கடைசி வரிசை, பால் சட்டி சுற்றி வந்தால் அடியில் கிடக்கும் மிடறு. ஆனால் பெய்லே வந்தால் மட்டும் முன்வரிசைக்காரன் நகர்ந்து இடம் விடுவான். ரேர் ஷிர்வா கூட்டத்தின் பாட்டு அத்தனையும் அவன் மண்டைக்குள் இருந்தது. அவனைப் பகைத்துக்கொண்டால் தன் பாட்டன் சொன்ன பாட்டு தன் பேரனுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம்.

எங்களுக்கு எழுத்து கிடையாது. வம்புக்கு இழுப்பதும் பாட்டில்தான், சமாதானம் பேசுவதும் பாட்டில்தான். பாட்டைக் கட்டிச் சொன்னவன் ஒருத்தன், அதை ஊர் ஊராகச் சுமப்பவன் வேறொருத்தன். சுமப்பவனுக்கு உள்ள கட்டுப்பாடு கொஞ்சநஞ்சமில்லை. வாயைத் திறந்ததும் முதலில் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: சொன்னது யார், சொன்ன இடம் எது, சொன்ன காரணம் என்ன. அதன் பிறகுதான் பாட்டு. ஒரு சொல்லை மாற்றினாலும் அடுத்தவன் ஒட்டகத்துக்குத் தன் சூட்டுக்குறி போட்ட மாதிரிதான், திருட்டு. பாட்டைச் சொன்னவன் கூட்டத்தில் இருந்து, தவறு காதில் விழுந்துவிட்டால் எழுந்து திருத்துவான். அது அவன் உரிமை. யாரும் தடுக்க முடியாது.

பெய்லேவுக்கு ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். கேட்டு முடித்ததும் யாரோடும் பேச மாட்டான், தேநீர் கொடுத்தாலும் தொட மாட்டான். எழுந்து முள்வேலியைத் தாண்டி நடந்துவிடுவான். முதலில் சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் முனகுவான். அப்புறம் நாங்கள் மந்தையோடு போகிற வழியில் இருக்கிற கிணறுகளை ஒவ்வொன்றாக நினைத்து, கிணற்றுக்குக் கொஞ்சம் அடிகளாக இறக்கி வைத்துக்கொண்டே போவான். தெற்கே முதல் கிணற்றில் தொடங்கினால் வடக்கே மலையடிவாரத்துக் கிணற்றில் பாட்டு முடிந்திருக்கும். திரும்பச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு அதே வழியில் நடப்பான். சபையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே அவன் கால் பெருவிரல்கள் அசைந்துகொண்டிருக்கும். பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

திமிரும் அதற்கேற்ற மாதிரி. மற்றவன் பாட்டுச் சொன்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பான், ஒரு சொல் பிசகினால் பல்லைக் காட்டுவான். கட்டிக்கொண்ட பெண் ஒரு மழைக்காலம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. "உன் பாட்டையே கட்டிக்கிட்டு அழு" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை கின்சிதான் அவனைத் தன் குடிசைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். அவள் புருஷன் சமதார் நல்ல மனுஷன். காலையும் மாலையும் மச்சானுக்கென்று பால் கறந்து வைப்பான், ஒரு நாள்கூட முகம் கோணியதில்லை. அவனும் அவ்வப்போது பாட்டுச் சொல்வான். பெரிதாக ஒன்றுமில்லை, தன் ஒட்டகங்களைப் பற்றித்தான்.

பிறகு இன்னொரு கொடிய வறட்சி வந்தபோது சமதார் தனியாக மந்தையை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனான். திரும்பி வந்தபோது அவன் உயிராக வளர்த்த வெள்ளைப் பெட்டை ஒட்டகம் தேரோ மந்தையில் இல்லை. வந்தவன் பெய்லேவை உட்காரவைத்து ஒரு பாட்டுச் சொன்னான். சொன்னது சமதார், இடம் ஹுலூல், காரணம் தேரோ செத்தது. கேட்ட பெய்லே முதல் தடவையாக மச்சானை நிமிர்ந்து பார்த்தான். அப்படிப்பட்ட பாட்டு அது. வழக்கம்போல எழுந்து போய் நடந்துவிட்டு வந்தான்.

சில நாளில் சேதி வந்தது. ரேர் வர்ஃபா கூட்டத்துக் குலேத் என்ற இளைஞன் ஹுலூல் கிணற்றருகே விலாவில் ஈட்டி பாய்ந்து செத்துக் கிடந்தானாம். அது அவர்கள் கிணறு. சபை கூடியது. அந்த வறட்சியில் ஹுலூல் பக்கமே நாங்கள் யாரும் போகவில்லை என்று ரேர் ஷிர்வா ஆண்கள் ஒவ்வொருவராகக் குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். சமதாரும் வைத்தான். ஓட்டிப் போக மந்தையில்லாத பெய்லேவை அந்தச் சபைக்கு யாரும் கூப்பிடவில்லை, சத்தியம் நடந்தது மட்டும்தான் அவன் காதுக்கு வந்தது. செத்தவனின் அண்ணன் ரோப்ளே எல்லோர் கண்ணையும் பார்த்துவிட்டு, வழிப்பறிக்காரர்கள் வேலையாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டு கை கொடுத்தான். சத்தியத்துக்கு மேல் என்ன இருக்கிறது?

அன்று பொழுது சாய்கையில் கின்சி பால் சட்டியோடு அண்ணனிடம் வந்தாள். சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அண்ணே, அந்தத் தேரோ பாட்ட யாருகிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"சொல்லாத. எங்கயும் சொல்லாத."

"அடிப் போடி. உம் புருஷன் சொன்னதுலயே இது ஒண்ணுதான் பாட்டு. மத்ததெல்லாம் வெறும் ஏப்பம்."

"குலேத்தக் கொன்னது இவருதான்."

கின்சி நின்றபடியே சொல்லி முடித்தாள். தாகத்தில் தேரோ தள்ளாடிக்கொண்டு தொட்டிக்கு வந்திருக்கிறது. எங்க கிணத்துல உனக்கு என்ன வேலை என்று குலேத் தடியை ஓங்கி அதன் மூஞ்சியில் போட்டிருக்கிறான். விழுந்தது எழுந்திருக்கவே இல்லை. மரத்தடியில் அது உயிரைவிட்ட கையோடு சமதார் ஈட்டியை எடுத்துவிட்டான். அதன் சூட்டுக்குறி இருந்த தோலை அறுத்தெடுத்துக்கொண்டுதான் திரும்பியிருக்கிறான்.

"குர்ஆன்ல கைய வச்சானேடி!"

"வச்சாரு. வைக்கலன்னா இப்ப மையித்தா கெடப்பாரு. அதுக்குப் பதிலா நம்ம எத்தன பேரு, அவங்க எத்தன பேருன்னு போய்க்கிட்டே இருக்கும். நீ அந்தப் பாட்ட மறந்துரு."

"எனக்கு மறக்க வராது."

"அப்ப வாய மூடிக்க. எம் புருஷன் உசுரு உன் வாயில இருக்குண்ணே."

"என் வாயிலேர்ந்து வராது. வல்லாஹி, வராது. போ."

அதற்கப்புறந்தான் அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், கொலையை மறைப்பது பெய்லேவுக்குப் பாரமாக இல்லை, பாட்டை மறைப்பதுதான் பாரமாக இருந்தது. அவ்வளவு நல்ல பாட்டு வீணாக உள்ளே கிடக்கிறதே என்று உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்கு அவனை மெச்சத்தான் வேண்டும்.

அடுத்த மழை நன்றாகப் பெய்தது. புல் முழங்கால் மட்டும் நின்றது. மனக்கசப்பெல்லாம் தீரட்டும் என்று பெரியவர்கள் பேசி, எங்கள் கூட்டத்துப் பெண்ணை ரேர் வர்ஃபா பையனுக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று பகல் சாப்பாடு முடிந்ததும், இரண்டு பக்கத்துக்காரர்களும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். இனிமேல்தான் எல்லோரும் காத்திருந்த கூத்து. பாட்டுச் சுமப்பவர்கள் இருவரும் மோதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பாட்டில் முதல் அடியில் பிடித்த மோனையைக் கடைசி அடிவரை விடக் கூடாது. மோதலில் ஒரு மோனையைச் சபை கொடுக்கும். அந்த மோனையில் உள்ள பாட்டுகளை இருவரும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். வந்த பாட்டு மறுபடி வரக் கூடாது. யாருக்குக் கையிருப்புத் தீர்ந்ததோ அவன் தலைப்பாகையை அவிழ்த்து மற்றவன் காலடியில் வைக்க வேண்டும். அன்று கொடுத்த மோனை 'த'. எதிரே உட்கார்ந்திருந்தவன் காஹின், ரேர் வர்ஃபா கூட்டத்தின் சுமப்பாளி. வயதில் சின்னவன், வாயில் பெரியவன்.

வெயில் இறங்க இறங்க இருவரும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காஹின் ஒன்று எடுத்தால் பெய்லே ஒன்று. ஒட்டகம், போர், பெண், பட்டினி, பழைய பகை என்று எல்லாம் வந்து போயிற்று. கூட்டம் ஒவ்வொரு நல்ல அடிக்கும் "ஆஹா" என்று தொடையில் தட்டியது. அப்புறம் காஹினுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவன் தொண்டையைச் செருமும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. இன்னும் ஒன்று சொல்லிவிட்டால் இவன் கதை முடிந்தது என்று பெய்லேவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றைத் தேடிக் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தால் எல்லாம் இறைத்து முடிந்திருந்தது. தேரோ பாட்டு ஒன்றுதான் மிச்சம்.

"என்ன பெய்லே, தோல்பை ஒழுகுதோ?" என்றான் காஹின்.

"ஒழுகறது உன் மூக்கு. தொடச்சுக்கிட்டு ஒக்காரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியும் பெய்லே பாட்டை எடுக்கவில்லை. எங்கள் வரிசை ஓரத்தில் இருந்த சமதார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தான். பாய்க் குடிசைக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்த கின்சிக்கும் இந்த மௌனம் கேட்டிருக்கும்.

"தலைப்பாகைய அவுக்க வெக்கமா இருந்தா சொல்லுங்க பெரியவரே, நானே வந்து அவுத்துவிடுறேன்" என்றான் காஹின். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒட்டகந்தான் இல்லன்னு நெனச்சேன். மண்டையிலயும் ஒண்ணும் இல்லையா?"

அட, தோற்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒரு முழத் துணி, அதை அவிழ்த்து வைத்திருந்தால் முடிந்தது. இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்லும்போதும் எனக்கு ஆறவில்லை. பெய்லேவின் புத்தி வேறு பக்கம் ஓடியது. பாட்டுக்குள்ளே கிணற்றின் பெயர் இல்லையே, முன்னால் சொல்கிற இடத்தை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தான். பிறந்ததிலிருந்து ஒரு சொல்லைக்கூடப் புரட்டாத மனுஷன், அன்றைக்கு மனதறிந்து பொய் சொன்னான்.

"சொன்னது சமதார். எடம் எல்மதோ. காரணம் அவன் ஒட்டகம் தேரோ செத்தது."

அவன் கால்விரல்கள் அசையத் தொடங்கின. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். மிச்சமெல்லாம் பிசகில்லாமல் வந்தது. முடிவில் வருகிற அடிகள் இவை:

*தாகத்தில் தள்ளாடித் தொட்டிக்கு வந்தவளே,*
*தடியொன்று தடுக்கையிலே தரைமேல் சாய்ந்தவளே,*
*தனிமரமாம் காரஸின் தாழ்ந்த நிழலுக்குள்*
*தலைசாய்த்துத் தூங்கடி, தேரோ, தூங்கடி.*

கிழவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயித்தாயிற்று என்று பெய்லே கண்ணைத் திறந்தபோது காஹின் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்மதோவுல மரமா? யா அல்லாஹ், எல்மதோவுல மரமாம்!"

அப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. எல்மதோ வெறும் கரும்பாறை. குருவி உட்கார முள்ளுச்செடிகூட முளைக்காத இடம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கிணறு கிணறாகப் பாட்டை இறக்கி ஏற்றிக்கொண்டே வாழ்ந்த பெய்லேவுக்குத் தெரியாதா? தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் அவசரத்தில் வாய்க்கு வந்த கிணற்றைச் சொல்லிவிட்டான்.

"எல்மதோவுல நெழல் வேணும்னா ஒட்டகத்து வயித்துக்கு அடியிலதான் போகணும்" என்றான் ஒருவன்.

"வெயில்ல சமதாருக்கு மண்ட கொழம்பிருச்சு. தான் எங்க நிக்கிறோம்னே தெரியாம பாட்டுக் கட்டியிருக்கான்."

"தப்பு என்னுது" என்றான் பெய்லே. தலைப்பாகையை அவிழ்க்கத் தொடங்கினான். "நான் தோத்துட்டேன். இந்தா, நான் தோத்துட்டேன்பா."

யார் காதில் விழுந்தது? சிரிப்பு முழுக்கச் சமதார் பக்கம் திரும்பிவிட்டது. காஹின் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "ஏன் சமதார், அந்த ஒட்டகம் செத்ததாவது நெசமா, இல்ல அதுவும் உன் பாட்டு மாதிரிப் புளுகா?"

சமதார் துள்ளி எழுந்தான். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. பாட்டைத் திருத்துவது சொன்னவன் உரிமை, அந்தப் பழக்கம் எங்கள் ரத்தத்தோடு ஊறியது. அதற்குமேல் செத்துப்போன தேரோவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"மரம் இருக்குடா நாயே! ஹுலூல்ல நின்னு சொன்ன பாட்டுடா இது! ஹுலூல் மரத்தடியிலதான் அவ உசுர விட்டா!"

சிரிப்பு நின்றது. சமதாருக்கே தன் குரல் காதில் விழுந்தது போலும், நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றான். குடிசைக்குள்ளிருந்து கின்சி ஒரு சத்தம் போட்டாள், சொல் ஒன்றும் இல்லாத சத்தம்.

ரோப்ளே கையிலிருந்த பால் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் சமதாரைப் பார்க்கவே இல்லை. பெய்லேவிடம் கேட்டான்.

"நீ சொல்லு பெய்லே. எடம் எது?"

பெய்லே தரையைப் பார்த்தான்.

"நீ இதுவர ஒரு சொல்ல மாத்தினதில்ல. உன் வார்த்தைய நான் நம்புறேன். எல்மதோன்னு இன்னொரு தடவ சொல்லு, நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொன்ன வாய் இன்னொரு பொய் சொல்லக் கூடாதா? பெய்லே வாயைத் திறந்தான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதி அவிழ்ந்த தலைப்பாகை தோளில் தொங்கியது. ரோப்ளே கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு "தடியால தடுத்தவன் என் தம்பி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

கல்யாணப் பந்தியில் யாரும் ஆயுதம் எடுப்பதில்லை. அன்று ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பெரியவர்கள் ரத்தத்துக்கு ஈடாக மந்தையே கொடுக்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். கொலைக்கு ஈடு உண்டு, பொய்ச் சத்தியத்துக்கு என்ன ஈடு என்று அவர்கள் கேட்டார்கள். புதுப்பெண்ணை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள், மருதாணி காயாமல். அந்தப் பாவிப் பெண் என்ன செய்தாள்?

சமதாரைத் தெற்கே அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு நடந்தது. அதற்குள் ஒரு நாள் காலை ஒட்டகத்தைத் தேடிப் போனவன் திரும்பவில்லை. மையித்தை ஹுலூலில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரேர் வர்ஃபாவிலிருந்து ஆள் வந்தது. கின்சியும் போனாள். தடுத்தவர்களைத் தள்ளிவிட்டுப் போனாள். அந்தக் காரஸ் மரத்து நிழலில் படுக்கவைத்திருந்தார்களாம். பக்கத்திலேயே தேரோவின் எலும்புகள் வெளுத்துக் கிடந்தனவாம். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பெய்லே போகவில்லை. அவனைப் போக விடவில்லை என்பதுதான் சரி. குடிசைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்த கின்சி நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு பாட்டு இருக்கு. ஒரு தடவதான் சொல்லுவேன். கேட்டுக்க."

சொன்னாள். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அழாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புருஷனைப் பற்றிய அடிகள் கொஞ்சம், மற்றதெல்லாம் அண்ணனைப் பற்றி. தான் ஊற்றிய பாலைப் பற்றி, அந்தப் பாலைக் குடித்த வாயைப் பற்றி.

முடித்ததும், "இத நீதான் சுமக்கணும்" என்றாள்.

"பொம்பளப் பாட்ட ஆம்பள சொல்றதில்ல, கின்சி."

"நீ சொல்லுவ. போற எடமெல்லாம் சொல்லுவ. சொன்னது கின்சி, எடம் ஹுலூல். ஒரு சொல்லு மாத்தக் கூடாது."

"காரணம்?"

"நீதான்."

அதுதான் அவள் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். பால் சட்டி மட்டும் காலையும் மாலையும் அவன் வாசலுக்கு வந்தது. அவள் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். பாட்டைக் கேட்ட அன்றும் பெய்லே எழுந்து முள்வேலியைத் தாண்டிப் போனான். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டான். அந்தப் பாட்டை வழியெல்லாம் இறக்கி வைக்க அவனால் முடியவில்லை. எல்லா அடிகளும் ஒரே கிணற்றில்தான் கிடந்தன.

அதற்கப்புறம் எந்தச் சபையில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னான். ஆண்பிள்ளை ஒப்பாரி வைக்கிறான் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். சொன்னது கின்சி, இடம் ஹுலூல், காரணம் நான். தன்னைத் தின்கிற பாட்டை ஒரு சொல் குறைக்காமல் சொல்வான். கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். காஹின் ஒருமுறை பாதியிலேயே எழுந்து போனான். அவன் பிறகு எந்த மோதலுக்கும் வரவில்லை என்று கேள்வி. மெல்ல மெல்லப் பெய்லேவைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டில் இதை யார் கேட்பார்கள்? அவன் ஆடு மேய்க்கிறவர்களிடம் சொன்னான், வழிப்போக்கர்களிடம் சொன்னான், யாரும் இல்லாவிட்டால் ஒட்டகங்களிடம் சொன்னான்.

கிழவனானதும் மறதி வந்தது. மறக்க வராது என்று சொன்னவனுக்கு எல்லாம் மறந்தது. கூட்டத்துப் பாட்டெல்லாம் போயிற்று. விட்டுப்போன பெண்டாட்டி பெயரும் குடிசைக்கு வருகிற வழியும்கூட மறந்துபோயின. இந்த ஒன்று மட்டும் அவனை விடவில்லை. அல்லா இதை முதலில் எடுத்திருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

காய்ச்சலில் கிடந்த கடைசி நாளில் பக்கத்துக் குடிசைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் முணுமுணுத்தது. குனிந்து கேட்டால், அதே பாட்டுத்தான்.

"சொன்னது கின்சி... எடம் ஹுலூல்..." அப்புறம் நேராகப் பாட்டுக்குள் போய்விட்டான்.

குடிசைக்கு வெளியே, பாய்ச் சுவரில் சாய்ந்தபடி கின்சி உட்கார்ந்திருந்தாள். அவளும் கிழவியாகியிருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"காரணத்த விட்டுட்ட, அண்ணே."

பெய்லேவின் முணுமுணுப்பு நின்றது. மூச்சு மட்டும் இழுத்தது. பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

"சொன்னது கின்சி. எடம் ஹுலூல். காரணம் நான்."

"ம்" என்றாள் அவள்.